குடைக்குக் கீழே அதிகாரி

ஒன்பதாம் வகுப்புப் பூவரசி, பள்ளிப் பிள்ளைகள் மேகம் பார்த்துக் குறிக்கும் திட்டத்துக்காக, வானத்தில் தாழ்வான மேகம் இருந்ததாக எழுதியிருந்தாள். அதே நேரத்துச் செயற்கைக்கோள் படத்திலோ உயரமான மேகம் மட்டுமே இருந்தது. இரண்டையும் ஒப்பிட வந்த திட்ட அதிகாரி குலசேகரன் பள்ளி மைதானத்தில் குடை பிடித்து நின்றார்.

"மேலேயிருந்து பார்க்கிறது பொய் சொல்லுமா? தப்பா எழுதினேன்னு கையெழுத்துப் போடு. இல்லேன்னா உங்க பள்ளியைத் திட்டத்திலேருந்து நீக்கிடுவேன்."

"மாடிக்குப் போயிட்டு வந்து போடறேன் சார்."

மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, ஒரு வரி எழுதி வந்து நீட்டினாள். அவர் உரக்கப் படித்தார்: "கறுப்புக் குடை ஒன்று. அதிகாரி இல்லை."

"நான் இங்கேதானே நிக்கிறேன்?"

"மேலேயிருந்து தெரியலையே சார். குடைதான் தெரிஞ்சுது. அந்த மேகமும் இன்னொரு மேகத்துக்கு அடியிலதான் நின்னுது."

பிள்ளைகள் சிரித்தார்கள். குலசேகரன் குடையை மடக்கி, "இரண்டும் சரி" என்றெழுதித் தாமே கையெழுத்துப் போட்டார்.