கறுப்பாயியின் தயிர்

தயிரை நாக்கில் வைத்தாலே எந்த எருமையுடையது என்று சொல்லிவிடுவேன் என்பது மிராசுதார் நல்லபெருமாள் பிள்ளையின் தம்பட்டம். உடம்பெல்லாம் தடிப்பு வரவே, வைத்தியர் பாலையும் தயிரையும் நிறுத்திவிட்டார்.

“விருந்தில் தயிர்ப்பச்சடி இல்லையென்றால் உன் வேலை போச்சு. அதில் தயிர் இருந்தாலும் போச்சு!” என்றார் சமையல்காரி சீனியம்மாளிடம்.

அவள் தேங்காயை வெண்ணெய் போல அரைத்து, எலுமிச்சை பிழிந்து, வெள்ளரிக்காய் போட்டுக் கடுகு தாளித்தாள்.

வழித்து நக்கிய பிள்ளை இலையை விட்டுக் குதித்தெழுந்தார். “தயிரேதான்! நம்ம எருமை கறுப்பாயியோட தயிர்! இந்த நாக்குக்கா தெரியாது? வெளியே போடி!”

“போறேன் எசமான். முதல்ல மரமேற ஆளை அனுப்பிக் கறுப்பாயியை இறக்கச் சொல்லுங்க. தென்னை உச்சியில குலைகுலையாத் தொங்குறா.”

பந்தியே சிரித்தது. பிள்ளை மெல்ல உட்கார்ந்து இன்னொரு கரண்டி கேட்டார்.

இன்றைக்கும் அந்த ஊர்ச் சந்தையில் தேங்காய் வாங்குகிறவர்கள், “நல்ல கறுப்பாயியா ரெண்டு குடுங்க” என்றுதான் கேட்பார்கள்.