வன்தக்கின் கையில் பூ

பாலைவனத்தின் ஓரத்தில், எட்டு ஆள் உயர மண்மதில் சூழ்ந்த நகரம் அர்கேன். அங்குள்ள குகை விகாரைகளில் புத்தர் ஓவியத்தின் காலடியில் அதைச் செய்வித்த குடும்பத்தாரையும் வரைவார்கள். உயிரோடிருப்பவர் கையில் பூ இருக்கும். இறந்தவர் வெறுங்கை கூப்பி நிற்பார். கடைசியாகப் புத்தருக்குக் கண் வரைந்து திறந்துவிட்டால், அதன்பின் சுவரில் இருப்பதே சாட்சி. நகர மன்றமும் அதை மறுக்காது.

வணிகன் வன்தக் பட்டு ஏற்றிக்கொண்டு மேற்கே போய் ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவனுடைய ஒட்டகம் மட்டும் சுமையில்லாமல் திரும்பி வந்தது. சுமை கட்டிய கயிறு அறுபடவில்லை, அவிழ்க்கப்பட்டிருந்தது.

“அவிழ்த்தது என் மகன் கைதான். அவன் இருக்கிறான்” என்றாள் தாய் சத்திஸ்.

“ஒட்டகத்தை விட்டுப் பிரிகிற ஆளா அவர்? இல்லை அத்தை, அவர் போய்விட்டார்” என்றாள் மனைவி மிவ்னாய். குதிரை வைத்தியன் ஒருவன் அவளை மணக்கக் கேட்டிருந்தான். கணவன் கையில் பூ வந்துவிட்டால் அந்த நகரத்தில் அவளுக்கு மறுமணம் கிடையாது.

ஓவியன் சங்கரட்சிதன் இளகிய மனசுக்காரன். குகைச் சுவரில் தன் குடும்பத்துக்காகப் புத்தர் ஓவியம் செய்வித்த சத்திஸிடம், “உயிரோடுதான் வரைவேன், அம்மா” என்று சொல்லிவிட்டான். மறுநாள் மிவ்னாய் வந்து அழுதபோது, “எனக்குத் தெரியாததை வரைய மாட்டேன்” என்று அவளுக்கும் வாக்குக் கொடுத்தான்.

கண் திறக்கும் நாள் வந்தது. வன்தக்கின் உருவம் கை வரையப்படாமல் மணிக்கட்டோடு நின்றிருந்தது.

“குறைச் சுவரில் கண் திறக்க முடியாது” என்றார் தலைமைத் துறவி.

ஓவியன் தூரிகையைக் கீழே வைத்துத் தலைகுனிந்தான். சத்திஸ் அதை எடுத்தாள். கோணல்மாணலாக விரல்களையும் ஒரு சிவப்புப் பூவையும் வரைந்தாள். துறவி தடுக்கவில்லை.

ஈரம் காயவில்லை. ஒரு விரலால் துடைத்தால் போதும். மிவ்னாய் கையை நீட்டினாள். மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“இருக்கட்டும், அத்தை.”

மறுநாள் காலை அவள் குதிரை வைத்தியனோடு நகரத்தை விட்டே போய்விட்டாள்.

கையை வரையாமல் விட்ட ஓவியன், பூ வரைந்த தாய், அந்தச் சாட்சியை நிற்கவிட்டு அதை மீறிப் போன மனைவி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: மிவ்னாய் செய்ததே சரி என்பேன். ஓவியன் இருவருக்கும் நல்லவனாக இருக்கப் பார்த்து, தன் சுமையை அவர்கள் தலையில் ஏற்றினான். தாயின் ஏக்கம் பொய்யல்ல. ஆனால் அதைச் சாட்சியாக்கி இன்னொருத்தியின் வாழ்வைக் கட்டிப்போட அவளுக்கு உரிமையில்லை. மிவ்னாய் அந்தத் தாயின் நம்பிக்கையை அழிக்கவும் இல்லை, அதற்குள் அடைபடவும் இல்லை. பிறந்த ஊரை இழந்தாள். ஆனாலும், வன்தக்கே ஒருநாள் திரும்பி வந்து கேட்டால், அவன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வருமா? தெரியவில்லை.