ஏழாம் நம்பர் சட்டை

"அக்கா, நான் இந்த வேலையை விட்டுர்றேன்."

பிளாரன்ஸ் அக்கா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"எந்த வேலை?"

"மேட்ச் எழுதுற வேலை."

"அது வேலையா? சம்பளம் உண்டா?"

இல்லை. பிளஸ் டூ முடித்ததிலிருந்து எங்கள் கடற்கரையில் நடக்கிற ஒவ்வொரு கால்பந்துப் போட்டியையும் ஒரு வெப்சைட்டுக்குச் சும்மா எழுதிக்கொடுக்கிறேன். எழுதி நானே ஏற்றவும் செய்வேன். மேலே ஜெனிட்டா என்று என் பேர் வரும். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஃபைனலை ஒழுங்காக எழுதினால் வேலை போட்டுத் தருகிறேன் என்று சைட் நடத்துகிறவர் சொல்லியிருக்கிறார்.

பிளாரன்ஸ் அக்கா பேப்பரில் ஸ்போர்ட்ஸ் எழுதுகிறவள். எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். சொல்லிக்கொடுத்தாள் என்றால், நான் எதைக் கேட்டாலும் அதை என்னிடமே திருப்பிக் கேட்டாள்.

"என்னாச்சு?"

"பயமா இருக்கு."

"யாரைப் பாத்து?"

"ரெஜினைப் பாத்து."

நேற்று செமிஃபைனல். அறுபத்திரண்டாவது நிமிஷம் எங்கள் டீமின் ஏழாம் நம்பர் விழுந்தான். முழங்கால் முட்டு திரும்பிவிட்டது. எங்கள் ஊர் கால்பந்து மன்றத்து ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மன்றம் கொடுத்த லிஸ்டில் ஏழுக்கு நேராக ரெஜின் என்று இருந்தது.

எழுதினேன். 'ரெஜினுக்கு முட்டு முறிந்தது. இனி ஆடுவது சந்தேகம்.'

இன்று மதியம் ரெஜின் போன் பண்ணினான். சென்னையிலிருந்து.

"நேத்து நான் ரயில்ல இருந்தேன்டி. ஆடவே இல்ல."

அங்கே ஒரு கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். கோச் அவன் பேரை போனில் தேடியிருக்கிறார். முதலில் வந்தது நான் எழுதியது. முட்டு போனவன் வேண்டாம் என்று கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்.

"அஞ்சு மணிக்குக் கடைசி பேட்ச். அதுக்குள்ள மாத்து. இல்லன்னா ஊருக்கு வந்து உன்னைப் பாத்துக்கறேன்."

அவன் அழுதுகொண்டே மிரட்டினான். அதுதான் தாங்க முடியவில்லை.

"மாத்த வேண்டியதுதானே" என்றாள் அக்கா.

"எப்படிக்கா? அந்தந்த ஊர்க்காரன்தான் ஆடணும்னு ரூல். ரெஜின் சட்டையில வேற ஊர்க்காரனை இறக்கியிருக்காங்க போல. தெரிஞ்சா நம்ம டீமை ஃபைனல்லேந்து தூக்கிருவாங்க. மன்றத்துச் செயலாளர் சேசடிமை அண்ணன்ட்ட கேட்டேன். வாயை மூடிட்டு இரு பிள்ளே, எழுதினா கிரவுண்டு பக்கம் கால் வைக்கப்பிடாதுன்னுட்டார். கிரவுண்டுக்குள்ள விடலன்னா ஃபைனலை எங்கேந்து எழுத?"

அக்கா ஒரு பாவாடையை உதறினாள்.

"ரெஜின் ஆடல, வருந்துகிறோம்னு மட்டும் ஒரு வரி போட்டுரவா?" என்றேன்.

"அப்ப யாருக்கு முட்டு போச்சு?"

"தெரியாது."

"கோட்டுப் பக்கத்துலதானே நின்ன?"

"சட்டையைத்தான் பாத்தேன்."

அக்கா கடைசி கிளிப்பை மாட்டினாள்.

"வண்டியை எடு."

மன்றத்து ரூம் கிரவுண்டுக்குப் பின்னால். வாசலில் சேசடிமை அண்ணனும் இன்னும் ரெண்டு பேரும் நின்றார்கள். அக்கா வண்டியை விட்டு இறங்கவில்லை.

"நீங்க வரலையா?"

"மேல என் பேரா போட்டிருக்கு?"

தனியாகப் போனேன்.

"வாங்க மேடம்" என்றார் சேசடிமை அண்ணன். "என்ன, பேட்டியா? தலை சீவிட்டு வரட்டா?"

மற்ற ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

"அடிபட்டவரைப் பாக்கணும்."

"ரெஜினா? அவன் வீட்டுல ரெஸ்ட்டு எடுக்கான்."

"ரெஜின் சென்னையில கேட்டுக்கு வெளிய நிக்கான் அண்ணே."

சிரிப்பு நின்றது. அந்த இடைவெளியில் அவர் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டேன். தைரியம் எல்லாம் இல்லை. நின்றால் திரும்பி ஓடியிருப்பேன்.

பாயில் ஒருத்தன் கிடந்தான். இருபது வயது இருக்கும். முட்டுக்கு ரெண்டு பக்கமும் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். கால் கறுத்து வீங்கியிருந்தது. சட்டையைக்கூடக் கழற்றவில்லை. ஏழு.

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"ஃபைனல் முடியட்டும்னாங்க. அங்க போனா பேர் கேப்பாங்கல்ல."

"உங்க பேர் என்ன?"

அவன் வாசலைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"இங்க யாரும் கேக்கல."

"நான் கேக்கேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எழுதினா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாங்களா?"

"தெரியாது" என்றேன். உண்மையிலேயே தெரியாது.

"விபின்" என்றான்.

வெளியே வரும்போது சேசடிமை அண்ணன் என் கையைப் பிடித்தார். இறுக்கி இல்லை. மெதுவாக. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"எழுது பிள்ளே. கடலுக்குப் போற உன் அப்பன் வள்ளம் இதே கரையிலதான் ஏறணும், பாத்துக்க."

கையை உருவிக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். நின்றுகொண்டே போனில் அடித்தேன். ரெண்டு தடவை அழித்து எழுதினேன். அக்காவிடம் நீட்டினேன்.

'நேற்று ஏழாம் எண் சட்டையில் ஆடி முட்டு முறிந்தவர் விபின். ரெஜின் ஆடவில்லை. பெயர் கேட்காமல் எழுதியது என் தவறு.'

"போட்டுரவா?"

அக்கா படித்தாள்.

"எந்த விபின்?"

இந்தக் கடற்கரையில் பந்து உதைக்கிற விபின் எனக்கே ஆறு பேரைத் தெரியும். அதில் ஒருத்தனுக்கு அடுத்த மாசம் போலீஸ் செலக்‌ஷன்.

"ஊர் கேக்கலக்கா."

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அக்கா, பயமா இருக்கு."

"தெரியுது."

"நீங்க ஒருக்கா போய்க் கேளுங்களேன்."

அவள் கிரவுண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பினேன். சேசடிமை அண்ணன் வாசலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிர்ப் பக்கத்துக் கதவு நிலையில் காலை நீட்டி, வழியை அடைத்து உட்கார்ந்திருந்தார். மணி நாலு இருபது.

நடந்தேன்.

"அண்ணே, காலை மடக்குங்க. உள்ள போகணும்."