கண்ணில் நிற்காத லென்ஸ்

தண்டபாணி ஐந்தாவது முறையாக அந்த லென்ஸைக் கொண்டுவந்து பிலோமினா டீச்சரின் மேஜைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டார் என்பதே சரி.

திருச்சி பாலக்கரையில் ஒரு மாடி அறை அது. பிலோமினா அங்கே காமிரா பழுது பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுக்கவும் சொல்லிக் கொடுப்பார். அவருக்கு முப்பத்தெட்டு வயது, தண்டபாணிக்கு ஐம்பத்து மூன்று. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்த பிறகு, கல்யாண வீடுகளில் பேர் எடுத்த தண்டபாணி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவரிடம் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

"இந்தச் சனியனை நீங்களே வச்சுக்கங்க டீச்சர்."

"இப்ப என்னண்ணே?"

"அதேதான். கண்ணுல ஃபோகஸ் வச்சா காதுல போய் நிக்குது."

எண்பத்தைந்து எம்.எம்., ஒன்று புள்ளி இரண்டு லென்ஸ். முழுதாகத் திறந்தால் இருட்டு மண்டபத்திலும் முகம் பளிச்சென்று வரும். பின்னால் நிற்கிற கூட்டமெல்லாம் கரைந்துபோகும். ஆனால் தெளிவு ஒரு விரல் கனத்துக்குத்தான். அந்த ஒரு விரலுக்குள் கண் இருந்தால் படம், இல்லாவிட்டால் குப்பை.

தண்டபாணி முதலில் வாங்கிய லென்ஸைக் கடையில் மாற்றியாயிற்று. காமிராவை இரண்டு முறை சரிபார்த்தாயிற்று. சர்வீஸ்காரர்கள் ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதைக் கேட்கக் கேட்க அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது.

டீச்சர் லென்ஸைக் காமிராவில் மாட்டி ஸ்டாண்டில் பூட்டினார். ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்து, பதினைந்தாவது கோட்டில் ஆட்டோஃபோகஸ் விட்டுப் பத்து படம் எடுத்தார். பத்திலும் பதினைந்தாவது கோடு கத்தி மாதிரி நின்றது.

"போன நாலு தடவையும் இதேதான் வந்துச்சு. லென்ஸ்ல ஒண்ணும் இல்லண்ணே."

"ஸ்கேலுக்கு நான் கல்யாணம் பண்ணி வைக்கப் போறதில்ல டீச்சர்."

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த நல்லமுத்துவின் மூத்த மகள் தமயந்திக்குப் போன மாதம் கல்யாணம். நல்லமுத்து மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுத்த நேரத்தில் தண்டபாணி எதிரே மண்டியிட்டு எடுத்த படத்தில், பெண்ணின் காதோரத்து மல்லிகை ஒவ்வொரு இதழாகத் தெரிந்தது. கண் இரண்டும் பனிமூட்டம்.

நல்லமுத்து திட்டவில்லை. ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கோதை கல்யாணத்துக்கும் நீதான்டா வரணும். அவ முகமாவது எனக்கு வேணும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தண்டபாணிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இளையவள் கோதையின் கல்யாணம் வெள்ளிக்கிழமை. இன்று செவ்வாய்.

"மூத்த பொண்ணு கல்யாணத்துல இந்த லென்ஸ்ல எடுத்த எல்லாத்தையும் காட்டுங்க," என்றார் டீச்சர். "கழிச்சது உட்பட."

"அதைப் பார்த்து என்ன ஆகப்போகுது?"

"காட்டுங்கண்ணே."

நானூற்றுச் சொச்சம் படங்கள். டீச்சர் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து இரண்டாகப் பிரித்தார். அதற்குள் தண்டபாணி இரண்டு டீ குடித்து, மூன்று முறை எழுந்து, ஜன்னல் வழியாகப் பாலக்கரை போக்குவரத்தையும் வைதுவிட்டு வந்தார்.

"முப்பத்தாறு படம் ஊசி மாதிரி இருக்கு. இதுல இருக்கறவங்களைப் பாருங்க. எல்லாருக்கும் பொதுவா என்ன இருக்கு?"

தண்டபாணி குனிந்து பார்த்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க."

டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இந்தப் பெரியவரு?"

"அவரு பொண்ணு வீடு. தமயந்திக்குப் பெரிய தாத்தா. பாவம், இடி விழுந்தாலும் காது கேக்காது."

"இந்த நாதஸ்வரக்காரர்?"

"வாசிச்சுக்கிட்டிருந்தாரு."

"இந்தக் குழந்தை?"

"தூங்குது."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் டீச்சரைப் பார்த்தார்.

"சரி, லென்ஸுக்கு என்னதான் வழி?"

டீச்சர் ஒரு பெருமூச்சு விட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என்னைய எடுங்க. கல்யாண வீட்டுல எடுக்கற மாதிரியே."

தண்டபாணி காமிராவைத் தூக்கினார். டீச்சரின் இடது கண்ணில் புள்ளியை வைத்துப் பாதி அழுத்தினார். ஃபோகஸ் பூட்டிக்கொண்டு பீப் என்றது.

"டீச்சர், லேசா முகத்தைத் தூக்குங்க. ஆங், சிரிங்க."

டீச்சர் முகத்தைத் தூக்கிச் சிரித்தார். தண்டபாணி மீதி அழுத்தினார்.

படத்தில் டீச்சரின் காதுத் தோடு அருமையாக வந்திருந்தது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா டீச்சர், நான் சொன்னேன்ல!" தண்டபாணிக்கு ஏறக்குறைய சந்தோஷமே வந்துவிட்டது.

"பாத்தேன். இன்னொண்ணு எடுங்க. இந்தத் தடவை வாயைத் திறக்காதீங்க."

பீப்.

"அப்படியே இருங்க."

"அண்ணே."

"சரி, சரி."

பீப்.

"கண்ணை மட்டும் கொஞ்சம்..."

"தண்டபாணி அண்ணே."

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. முப்பது வருஷம் லென்ஸின் திறப்பை எட்டுக்குச் சுருக்கி வைத்து ஃபிளாஷ் அடித்த கை; அப்படிச் சுருக்கினால் தெளிவு ஒரு முழத்துக்கு நிற்கும். அந்தக் காலத்தில் ஃபோகஸ் பண்ணிவிட்டு, சிரிங்க என்று சொல்லி, எதிரே இருப்பவர் ஒரு சாண் முன்னால் வந்து சிரித்தாலும் படம் தெளிவாகவே விழும். அவர் சொல்லாமல் ஊரில் ஒருத்தரும் சிரித்ததில்லை. சிரிக்க வைப்பதில் தண்டபாணியை மிஞ்ச ஆளில்லை என்றுதான் அவருக்குப் பேரே.

நாலாவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு எடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தால் டீச்சரின் கண் இமையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நின்றது. முகத்தில் எரிச்சல் அப்பட்டமாகத் தெரிந்தது. அசலாக இருந்தது.

தண்டபாணி அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது.

"பேசாம எப்படிங்க எடுக்கறது? பேசினாத்தான சிரிப்பாங்க? புது காமிரா பாடி வந்திருக்காம், ஆள் அசைஞ்சாலும் கண்ணைத் துரத்திப் பிடிச்சிருமாம். அதையே வாங்கிட்டுப் போறேன்."

"வாங்குங்க. நல்ல காமிராதான். நீங்க சொன்னதுக்காகச் சிரிச்ச சிரிப்பை ரொம்பத் தெளிவாப் பிடிச்சிரும்."

தண்டபாணி காமிராவை மேஜைமேல் வைத்தார்.

டீச்சர் கழித்த படங்களுக்குள் தேடி, நல்லமுத்து கையைப் பிடித்துக் கொடுக்கிற படத்தைத் திறந்தார். தமயந்தியின் உதடு விரிந்திருந்தது. அதற்கு மேலே கண் இரண்டும் மங்கல்.

"இதை எடுக்கும்போது என்ன சொன்னீங்க?"

"ஞாபகம் இல்ல."

"யோசிச்சுப் பாருங்க."

தண்டபாணி யோசித்தார். யோசிக்க அதிகம் ஒன்றும் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"அவ அப்பனைப் பாத்து அழுதுக்கிட்டிருந்தா. கண்ணு ரெண்டும் நெறஞ்சிருந்துச்சு. அங்கதான் ஃபோகஸ் வச்சேன், சத்தியமா. பீப்னு பிடிச்சிருச்சு." நிறுத்தினார். "'அழாதம்மா, மாமாவைப் பாத்துச் சிரி'ன்னு சொன்னேன்."

"சிரிச்சாளா?"

"உடனே கண்ணைத் துடைச்சுக்கிட்டு, நிமிந்து உக்காந்து சிரிச்சா. நல்ல பொண்ணு, சொன்னதைக் கேப்பா."

"லென்ஸ் அந்த அழுத பொண்ணுகிட்டயேதான் நின்னுச்சு, அண்ணே. நீங்கதான் அவளை அங்க இருக்க விடல."

கீழே பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. தண்டபாணி இம்முறை அதை வையவில்லை. லென்ஸை எடுத்தார், மூடி போட்டார், பையில் வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"கோதை இன்னும் மோசம் டீச்சர். அப்பன் செல்லம். வெள்ளிக்கிழமை மேடையிலயே உடைஞ்சு அழுவா. ஊரே பாக்கும், நல்லமுத்துவும் தாங்க மாட்டான். நான் எதிர்ல காமிராவோட உக்காந்திருப்பேன். அந்த நேரத்துல நான் என்னதான் சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார் பிலோமினா. "அழட்டும்."