மழவராயரும் மடிக்கு வராத பூனையும்

ராஜா மழவராயருக்குப் படை சிறியது, பார்வை பெரியது. அவர் உற்றுப் பார்த்தால் தளபதிக்கே தொண்டை வறண்டுவிடும். அப்படிப்பட்டவரை ஒரு பூனை மதிக்கவில்லை. அதன் பெயர் பட்டாணி. அவர் முறைக்க முறைக்க அது காதை மடக்கும், வாலைத் தரையில் அடிக்கும், கடைசியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும். சபையில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள்.

பூனையை வளர்த்தவள் வெள்ளையம்மா. அவள்தான் அதை இப்படிப் பழக்கியிருக்கிறாள் என்று ராஜா முடிவு கட்டினார். மூன்று நாளில் அவள் நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்று உத்தரவாயிற்று.

ராஜாவிடம் வேடிக்கையாகப் பேச அனுமதி உள்ள ஒரே ஆள் கோனேரி. அவன் போனபோது வெள்ளையம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“அதுக்குத் திமிர் இல்லை ஐயா, பயம். கண் கொட்டாமல் முறைத்தால் அடிக்க வருகிறார் என்றுதானே நினைக்கும்? மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கட்டும். தானே வரும்.”

“ராஜாவிடம் சொன்னாயா?”

“சொல்ல வாயைத் திறந்தேன். முறைத்தார்.”

கோனேரி ராஜாவிடம் போய் வித்தையைச் சொன்னான். பூனை பணிவதைச் சபையே பார்க்க வேண்டாமா, காலையில் மனுக்கள் படிக்கும் நேரம்தான் தோது என்றான். ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று.

அந்த நாட்டில் மனு படிக்கும்போது ராஜா வாய் திறப்பதில்லை. மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் சம்மதம். உடனே முத்திரைக்காரர் குத்திவிடுவார். குத்தியதை ராஜாவாலும் மாற்ற முடியாது. மழவராயர் எல்லா மனுவையும் முறைத்தே திருப்பி அனுப்பியவர் என்பதால் முத்திரையில் தூசி படிந்திருந்தது.

மறுநாள் பட்டாணி சபை நடுவில் உட்கார்ந்திருந்தது. ராஜாவுக்கு அதைத் தவிர வேறு நினைவில்லை. மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தார். கீழத்தெருவுக்குக் கிணறு. டக். பூனையின் வால் அடங்கியது. ராஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மறுபடி மூடினார். யானைப்பாகனுக்குக் கல்யாண விடுப்பு. டக். பூனை சிம்மாசனத்தின் ஒரு படி ஏறியது. சமையல்காரர்களுக்கு மதியத் தூக்கம். டக். முத்திரைக்காரருக்குக் கை வலித்தது, முகம் மலர்ந்திருந்தது.

ஏழாவது மனு, வெள்ளையம்மா நாட்டிலேயே இருக்கவேண்டும் என்பது. பூனை சிம்மாசனத்தின் மேல் முன்காலை வைத்தது. ராஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் மூடாத அளவுக்கு மெதுவாக மூடித் திறந்தார்.

டக்.

பட்டாணி மடியில் ஏறிச் சுருண்டது. அப்போதுதான் ராஜாவுக்கு முத்திரைச் சத்தம் உறைத்தது. கண்கள் விரியத் தொடங்கின.

“மெதுவாக, மகாராஜா,” என்றான் கோனேரி. “ஓடிவிடும்.”

ராஜா கோபத்தை அரைக்கண்ணில் அடக்கிக்கொண்டு, தாலாட்டுகிற குரலில் கேட்டார்: “உன்னை என்ன செய்யலாம், கோனேரி?”

“ஒரு வெள்ளைக் குதிரை கொடுக்கலாம்.”

பட்டாணி தலையைத் தூக்கியது. ராஜாவைப் பார்த்து, முதன்முறையாகத் தானாகவே, மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தது. இத்தனை நாள் காத்திருந்த மரியாதை. பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

ராஜாவும் மூடித் திறந்தார்.

டக்.

மழவராயர் சிரித்துவிட்டார். பூனை எழுந்துவிடாதபடி, சத்தமில்லாமல், வயிறு மட்டும் குலுங்க.