மடைக்காரன் மூன்று முறை கேட்டான்

முன்னொரு காலத்தில் செங்குளம் என்கிற நாட்டைச் சேந்தமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் பிடித்தது மத்தியானம் பிடிக்காது. அவரைக் கட்டி மேய்க்கிற வேலை மந்திரி விடங்கருக்கு. அந்தப் பதவி தனக்குக் கிடைக்கவில்லையே என்று வயிறெரிந்துகொண்டிருந்தவர் அரண்மனை ஜோசியர் ஏகாம்பரம்.

அந்த ஊர்ப் பெரிய ஏரிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏரிக்குள் நட்டிருக்கிற கல்தூணில் ஒரு மீன் செதுக்கியிருக்கும். தண்ணீர் அந்த மீனின் கண்ணைத் தொட்டுவிட்டால் மடையைத் திறந்தாக வேண்டும். திறப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒருத்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, அடியிலிருக்கும் கல்மூடியைத் தூக்க வேண்டும். முங்குவதற்கு முன்னால், அங்கே இருப்பவர்களில் யார் பெரியவரோ அவரிடம் "திறக்கட்டுமா?" என்று மூன்று முறை கேட்பான். "திற" என்ற வார்த்தை வராமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. தண்ணீர் மீன் கண்ணைத் தொட்ட அன்றைக்குப் பார்த்து ராஜா ஏரியில் படகு விட்டுக்கொண்டிருந்தார். மடைக்காரன் பேச்சிமுத்து கரையில் நின்று மூன்று முறை கேட்டான். தண்ணீர் இறங்கினால் படகு தரை தட்டுமே. ராஜா சுண்டலை மென்றுகொண்டே, "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றுவிட்டார். ஏரி நாளைவரைக்கும் காத்திருக்கவில்லை. விடியும்போது கரை உடைந்து, ஏரிக்குக் கீழே இருந்த கீழக்குடியில் நாற்பது வீடு போனது. ஜனங்கள் மேட்டில் ஏறித் தப்பித்தார்கள். விதைநெல்லில் ஒரு மணி மிஞ்சவில்லை.

ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஜோசியர் பார்த்தார், இதுதான் சமயம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மகாராஜா, எதுக்கு மனசைப் போட்டு வருத்திக்கறீங்க? நீங்க 'நாளைக்கு'ன்னு சொல்லணும்னு, நீங்க பிறந்த அன்னைக்கே கிரகம் முடிவு பண்ணியாச்சு. வேற வார்த்தை உங்க வாயில வந்திருக்கவே முடியாது."

ராஜா அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

ஆனால் கீழக்குடி ஜனங்களுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டுமே. மறுநாள் சபையில் பேச்சிமுத்துவைக் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மடையைத் திறக்காமல் சும்மா இருந்த குற்றத்துக்கு வலது கையை வெட்டுவதென்று தீர்ப்பு. யோசனை யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா? ஜோசியர் வெற்றிலை போட்ட வாயோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

விடங்கர் பேச்சிமுத்துவின் கையைப் பார்த்தார். கை இல்லாதவன் கல்மூடியை எப்படித் தூக்குவான், குடும்பத்துக்கு எப்படிச் சோறு போடுவான்? கூடவே இன்னொன்றும் அவரைக் குடைந்தது. எல்லாமே முன்கூட்டி எழுதி வைத்தபடிதான் நடக்கிறதா, இல்லை மனுஷன் கையிலும் ஏதாவது இருக்கிறதா? பல வருஷமாக யோசித்தும் அவருக்கு விடை கிடைக்காத கேள்வி அது.

"ஜோசியரே, ஒரு சந்தேகம்" என்றார். "மகாராஜா 'நாளைக்கு'ன்னு சொன்னது கிரகத்தோட வேலை. சரி. இவன் முங்காம நின்னது யாரோட வேலை?"

"அது அவனோட சுயபுத்தி."

"ஏன், அவனுக்குக் கிரகம் கிடையாதா?"

ஜோசியர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "இருக்கு, மந்திரியாரே. ஆனா பெரிய இடத்து ஜாதகத்தைத்தான் கிரகம் உட்கார்ந்து பார்க்கும். இவனை மாதிரி ஆளுங்களைக் கவனிக்க அதுக்கு ஏது நேரம்? அவனவன் இஷ்டத்துக்கு விட்டுடும்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீரா?"

"என் சாஸ்திரத்து மேல சத்தியம்."

"அப்போ நாம பெரிய தப்புப் பண்ணிட்டோம்" என்று விடங்கர் எழுந்தார். "மகாராஜா, ஒரு நிமிஷம் எழுந்திருங்க."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். என்னதான் செய்கிறார் பார்ப்போமே என்று எழுந்துவிட்டார். விடங்கர் பேச்சிமுத்துவின் கட்டை அவிழ்த்து, தோளைப் பிடித்து அழுத்தி, சிம்மாசனத்திலேயே உட்கார வைத்தார். அவன் நுனியில் ஒட்டிக்கொண்டான்.

"சபையோரே, இந்தச் சபையில சொந்தமா முடிவெடுக்க முடிஞ்ச ஆள் இவன் ஒருத்தன்தான். மகாராஜா பாவம், கிரகம் நூலை இழுத்தா வாயைத் திறக்கிற பொம்மை. பொம்மை எப்படி நாட்டை ஆளும்? இனிமே பேச்சிமுத்துவே ஆளட்டும்."

ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. "அவனை இறக்குங்கடா கீழே. மந்திரி, உம்ம தலை கழுத்தில இருக்கணுமா வேண்டாமா?"

விடங்கர் கைகட்டி நின்றார். "இதைச் சொல்றது மகாராஜாவா, கிரகமா? கிரகம்னா நான் ஜோசியர்கிட்டயே பேசிக்கறேன்."

"நான்தான்யா சொல்றேன். என் வாய், என் வார்த்தை. எந்தக் கிரகமும் எனக்குச் சொல்லிக் கொடுக்கலை."

"அப்படின்னா, அன்னைக்குப் படகில சொன்ன வார்த்தை யாருது மகாராஜா?"

அதற்குள் பேச்சிமுத்து சிம்மாசனத்திலிருந்து நழுவி இறங்கியிருந்தான்.

"மகாராசா, என் மேலயும் தப்பிருக்கு" என்றான் அழுதுகொண்டே. "மூணு தடவை கேட்டுட்டு, என் வேலை முடிஞ்சுதுன்னு வீட்டுக்குப் போயிட்டேன். நாலாவது தடவை கேட்டிருக்கலாம். என் வாயை யாரும் கட்டலை."

ராஜா அவனைத் தூக்கி நிறுத்தினார். "நாலாவது தடவை கேட்கலைன்னு இவன் அழறான்" என்றார். "முதல் தடவையே காதில வாங்கின நான், ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்."

தண்டனை அங்கேயே ரத்தாயிற்று. அரண்மனைக் களஞ்சியத்து நெல் கீழக்குடிக்குப் போனது. விடங்கர் கழுத்தில் ராஜாவின் முத்துமாலை ஏறியது. மூன்று முறை கேட்டும் "திற" என்று யாரும் சொல்லாவிட்டால் தானே திறந்துகொள்ளும் அதிகாரம் பேச்சிமுத்துவுக்குக் கிடைத்தது. கரை உடைப்பை அடைக்க ராஜாவே மண்கூடை தூக்கினார்.

"ஜோசியரே, நாளைக்கு நீரும் மண் சுமக்க வரணும்."

"மகாராஜா, என் ஜாதகத்தில அப்படியொரு யோகம்..."

"உம்மையெல்லாம் கவனிக்கக் கிரகத்துக்கு நேரம் இருக்காது. நீரே முடிவு பண்ணி, விடியறதுக்குள்ள வந்து சேரும்."

அடுத்த மழைக்கும் தண்ணீர் மீன் கண்ணைத் தொட்டது. பேச்சிமுத்து ஒரு முறைதான் கேட்டான். "திற" என்று ராஜா கரையிலிருந்து சொன்னார். அவன் முங்கினதும் பக்கத்தில் நின்ற மந்திரியின் காதோரம் குனிந்தார்.

"விடங்கரே, உண்மையைச் சொல்லும். இப்போ 'திற'ன்னு சொன்னது நானா, இல்லை அதுவும் எழுதி வெச்சதுதானா?"

விடங்கர் குமிழியிடும் தண்ணீரைப் பார்த்தபடி யோசித்தார்.

"சத்தியமா எனக்குத் தெரியாது, மகாராஜா. ஆனா அவன் கேட்டது உங்களைத்தான்."