பில் போடாத போன்

திருப்பூரில் செல்போன் வியாபாரம் பழக வேண்டும் என்று யார் கேட்டாலும் தெய்வானையின் கடைக்குத்தான் கைகாட்டி விடுவார்கள். சென்னியப்பனும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து, தோள்வலியோடு வெளியே வந்தவர். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர் "வாத்தியாரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அவள் "அண்ணா" என்பாள்.

முதல் நாள் அவள் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. போன் அடித்தால் முதலில் கடைப் பேரைச் சொல்ல வேண்டும். வணக்கமெல்லாம் அப்புறம்.

பிறகு அவர் தனிக் கடை போட்டார். 'குமரன் மொபைல்ஸ்.' போர்டில் விளக்கெல்லாம் வைத்தார். ஒரு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் எதிர்ச்சாரியில் கண்ணாடியும் ஏசியுமாக ஒரு ஷோரூம் முளைத்தது.

ஒரு மத்தியானம் தெய்வானையின் கடைக்கு வந்து ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நான் வாங்கற விலைக்கே அவங்க விக்கறாங்க, வாத்தியாரம்மா. போன் கம்பெனிக்காரங்க அவங்களுக்கு அள்ளிக் குடுக்கறாங்க. நமக்குக் குடுக்கறது காலண்டர்."

"காலண்டர் நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா."

"சிரிக்காதீங்க. அதுக்கு மேல கவர்மென்ட்டுக்கு நூத்துக்குப் பதினெட்டு."

"அது அவங்களுக்கும் பதினெட்டுதானே?"

"ஆமா, அதுல மட்டும் ரெண்டு பேரும் சமம். மாலை போட்டுக்க வேண்டியதுதான்!"

அவர் விஷயத்துக்கு வந்தார்.

"லேபர் காண்ட்ராக்டர் ஒருத்தர், தீபாவளிக்கு ஆளுங்க அத்தனை பேருக்கும் போன் எடுக்கறார். பில் வேண்டாம், வரியைக் கழிச்சுருங்கன்னு கேக்கறார். பில் இல்லாத சரக்கு எங்க கிடைக்கும்னும் அவரே சொல்றார். மாட்டேன்னா எதிர்க்கடைக்குப் போயிருவார். இது போச்சுன்னா நான் ஷட்டரை இறக்கிட்டு மறுபடியும் கத்திரி பிடிக்கப் போகணும். குடுக்கட்டுங்களா?"

"அந்த மாதிரி எனக்கு ஒண்ணு குடுங்க. பாக்கலாம்."

சென்னியப்பனுக்குத் தெம்பு வந்துவிட்டது. வாத்தியாரம்மாவே வாங்குகிறாள், இனி என்ன யோசனை? சாயங்காலமே ஒன்றை வரவழைத்து, பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த வாரக் கடைசியில், காலையில் அவர் கடை திறந்த கையோடு அவள் வந்து நின்றாள்.

"போன் போச்சுங்கண்ணா. பஸ்ஸுல யாரோ எடுத்துட்டாங்க."

"அடக் கடவுளே! ஸ்டேஷன்ல சொன்னீங்களா?"

"சொன்னாப் பில் கேப்பாங்களே."

சென்னியப்பன் வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். குரல் தானாக இறங்கியது.

"நாமதான் பில் போடலீங்களே."

"அதனாலென்ன? நீங்க கூட வாங்க. நான்தான் வித்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"அதெப்படீங்க சொல்றது?"

"வித்தது நீங்கதானே?"

"நான்தானுங்க. ஆனா நான்னு சொல்ல முடியாதுங்களே."

தெய்வானை கைப்பையைத் திறந்தாள். போன் உள்ளேதான் இருந்தது. பெட்டியோடு எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"என்ன விளையாட்டுங்க இது! உசிரே போயிருச்சு."

"எதிர்க்கடையில வாங்கின போன் தொலைஞ்சா, நாங்கதான் வித்தோம்னு சொல்லுவாங்களா?"

"சொல்லாம? பில்லு இருக்குதுல்ல."

"அவங்க உங்களுக்கு எதிர்க்கடை. சரி. அவங்களுக்கு எதிர்ல யாரு கடை வச்சிருக்கறது?"

அவர் பதிலுக்கு வாயெடுப்பதற்குள் மேஜைமேல் அவருடைய போன் அதிர்ந்தது. காண்ட்ராக்டர். எதிர்ச்சாரியில் ஷோரூம்காரர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பன் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப நான் என்னன்னு சொல்லட்டும்?"

"முதல்ல கடைப் பேரைச் சொல்லுங்க" என்றாள் தெய்வானை.